அரையடி அக்காவும் மணலூர்பேட்டை மண்ணும்

கள்ளக்குறிச்சியில் இன்று விரிசல் இல்லாமல் நிற்கிற சுவர்களில் பாதி, அரையடி அக்காவுக்குப் பயந்துதான் நிற்கின்றன. மீதிப் பாதி, அவர் என்றைக்காவது வந்து பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் நிற்கின்றன. நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் அவர் ஒரு சுவரைப் பார்க்கும் பார்வையைப் பார்த்ததில்லை. கடைசி பெஞ்சில் சாய்ந்து கிடக்கும் பையன் தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டதும் நிமிர்வதுபோல, சுவர் கொஞ்சம் நிமிரும். நிமிர்ந்ததை நானே பார்த்தேன் என்று எழுதலாமா, கூடாதா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

அக்காவின் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டதற்கு, "பேரு தெரிஞ்சி இன்னா பண்ணப் போற, ரேஷன் கார்டு குடுக்கப் போறியா?" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வீடு கட்டுகிறவர்களுக்குத் தெரியும். அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டி, கல் போட்டு, அதன்மேல் பேஸ்மட்டச் சுவரை எழுப்பியதும் வெளியே சுற்றிலும் பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். உள்ளே அறை வரவேண்டிய இடமெல்லாம் குழியாக இருக்கும். இரண்டையும் மண்ணால் நிரப்பவேண்டும். ஊரில் யாரும் இதை ஒரு வேலையாக மதிப்பதில்லை. ட்ராக்டரைப் பின்பக்கமாக ஓட்டி வந்து கவிழ்த்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அக்கா அதை மட்டுமே வேலையாக வைத்திருந்தார். அரையடி உயரத்துக்கு மண், அதன்மேல் தண்ணீர், அதன்மேல் திமிசு. திமிசு என்றால் நீளக் கைப்பிடியும் அடியில் கனத்த இரும்புத் தட்டும் உள்ள இடிகட்டை. இடித்து இறுகிய பிறகுதான் அடுத்த அரையடி. ஒரு விரல்கடை கூடினாலும் அள்ளி வெளியே போடச் சொல்வார். அளப்பதற்கு உடைந்த குடைக்கம்பி ஒன்று வைத்திருந்தார். அதில் அரையடிக்கு ஒரு கோடாகச் சிவப்பு நகப்பூச்சு பூசியிருக்கும். நகத்தில் பூசி நான் பார்த்ததில்லை.

சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, வாயில் வெற்றிலை, பின்னால் திமிசு தூக்கிய பெண்கள் கூட்டம். அவர் தெருவில் வந்தால் ஏதோ ஒரு நாட்டின் மேல் படையெடுத்துப் போவதுபோல இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்த கதை ஒரு தேளில் தொடங்கியது.

என் வீட்டுக்காரர் வெள்ளிமலையில் பள்ளி ஆசிரியர். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மலையேறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். நானும் என் மகள் கயலும் கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருந்தோம். கயலுக்கு அப்போது நடை பழகும் வயது. அந்த வீட்டுத் தரை ஒரு மூலையில் இறங்கிப்போய், சுவருக்கும் தரைக்கும் நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தது. ஒருநாள் காலை அதற்குள்ளிருந்து கறுப்பாக ஒரு தேள் வெளியே வந்தது. கயல் அதைப் பார்த்துக் கைதட்டினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியவள், அன்று மதியம்வரை உள்ளே போகவில்லை.

எதிர்ப்புறம் எங்கள் சொந்த வீட்டுக்குக் கடக்கால் வேலை நடந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்குக் கனவு வீடு என்றால் மாடி, மாடத்தில் பூந்தொட்டி என்று இருக்கும். எனக்கு ஒன்றே ஒன்றுதான். என் மகள் விளையாடும் தரையில் விரிசல் இருக்கக்கூடாது.

பால்காரம்மா சொல்லி அக்கா வந்தார். புது வீட்டின் வரைபடத்தை நீட்டினேன். அதை வாங்கி விசிறிக்கொண்டே வாடகை வீட்டுக்குள் போனார். கயலின் பந்தை எடுத்துத் தரை நடுவில் வைத்தார். அது யாரும் தள்ளாமலே உருண்டு, தேள் வந்த மூலைக்குப் போய் நின்றது.

"யாரு ரொப்புனது இந்த வூட்ட?"

தெரியவில்லை என்றேன்.

"எனக்குத் தெரியுது. ஒரே லோடுல ரொப்பிக்கீறான். தண்ணியும் வுடல, இடிக்கவும் இல்ல. அவன் வூட்ல சோறு எப்பிடித் துன்னுவான்?"

சோற்றுக்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்கு அடுத்த வாரமே புரிந்தது. உலகத்தில் எதை நிரப்புவதாக இருந்தாலும் அக்காவுக்கு ஒரே முறைதான். டிபன் பாக்ஸில் சோறு கொஞ்சம், குழம்பு கொஞ்சம், கரண்டியால் ஓர் அழுத்து, மறுபடி சோறு. மூட்டை கட்டினால் கொஞ்சம் துணி, அதன்மேல் ஏறி நின்று ஒரு மிதி, மறுபடி துணி. ஒரு தடவை வெள்ளிமலை பஸ்ஸில் கூட்டம் ஒரே பக்கம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பாதிப்பேரை எழுப்பி எதிர்ப்பக்கம் உட்காரவைத்தாராம். மலைப்பாதையில் வண்டி சாயும் என்று அவர் போட்ட சத்தத்தில் நடத்துனரே எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார் என்று அவருடைய கூட்டத்துப் பெண்கள் சத்தியம் செய்தார்கள்.

மண்ணின் ஈரம் சரியா என்று பார்க்க அவருக்கு ஒரு சோதனை இருந்தது. ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுவார். தூளாகப் போனால் தண்ணீர் கம்மி. உடையாமல் அப்படியே உட்கார்ந்தால் தண்ணீர் ஜாஸ்தி. இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. நல்ல முறைதான். ஆனால் நான் ஆசையாகச் செய்து கொடுத்த ரவா லட்டையும் அதே உயரத்திலிருந்து தட்டில் விட்டார். லட்டு உடையவில்லை. தட்டு நெளிந்தது.

"நல்லா எறுகிக்கினு கீது," என்று பாராட்டினார். "கடக்காலுக்கு ஆவும். பல்லுக்கு ஆவாது."

கயலுக்குச் சோறு ஊட்டுவது அந்த நாட்களில் எனக்குப் பெரிய போராட்டம். சாப்பிட்டது போதுமா, கூடிவிட்டதா, வாந்தி எடுப்பாளா என்று ஒவ்வொரு வாய்க்கும் கவலை. ஒருநாள் அக்கா கிண்ணத்தைப் பிடுங்கினார். ஒரு வாய் கொடுத்தார். ஒரு மடக்குத் தண்ணீர். பிறகு குழந்தையைத் தோளில் போட்டு முதுகில் மெதுவாகத் தட்டினார். "செட்டில் ஆவட்டும்," என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுத்த வாய். கிண்ணம் காலியாயிற்று. என் மகளுக்கு பேஸ்மட்டம் போட்டுவிட்டார் என்று நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

வேலை தொடங்கிய அன்று அவர் முதலில் கேட்டது கோலமாவு. பள்ளத்தின் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, வீட்டைச் சுற்றி ஒரு கோடு போடச் சொன்னார். வண்டியோ, வேலைக்கு வராத ஆட்களோ அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. நான் பயபக்தியோடு உட்கார்ந்து புள்ளி வைத்து, ஓரத்தில் கொடியும் பூவும் இழுத்தேன்.

"கோலம் நல்லாத்தான் கீது," என்றார் அக்கா. "ஆனா டிரைவரு புள்ளி எண்ணிக்கினே வந்து பள்ளத்துல வுழுந்துடுவான். கோடு மட்டும் போடு, வாத்தியாரூட்டம்மா."

வாத்தியார் வீட்டு அம்மா என்பதைத்தான் அப்படி ஒரே மூச்சில் சொல்வார்.

முதல் நாளே கிராவல் மண் கொண்டுவந்த ட்ராக்டர்க்காரர் கோட்டைத் தாண்டினார். அக்கா வண்டியில் ஏறி, சாவியை உருவி, இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சாயங்காலம்வரை அந்த மனிதர் "அக்கா, சாவிங்க... அக்கா, சாவிங்க..." என்று கோட்டுக்கு வெளியே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்புறம் ஊரில் எந்த டிரைவரும் எங்கள் வீட்டுக் கோட்டை மிதித்ததில்லை.

கயலுக்குத் தனிச் சட்டம். கோட்டுக்கு வெளியே பூவரச மரத்தில் அவளுக்குத் தூளி கட்டியாயிற்று. அவள் கொலுசுச் சத்தம் கோட்டுக்குப் பக்கத்தில் கேட்டால் எல்லாத் திமிசும் அப்படியே நிற்கவேண்டும், பள்ளத்தில் இருப்பவர்கள் மேலே ஏறவேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது அக்காவின் கூட்டத்துப் பெண்களுக்கு. கை வலித்தால் அவர்களில் ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் தூளிப் பக்கம் போய், கயலின் காலை லேசாக ஆட்டிவிட்டு வருவாள். கொலுசு சிணுங்கும். வேலை நிற்கும். குழந்தை ஏன் தூக்கத்தில்கூட இவ்வளவு நடக்கிறது என்று அக்கா சந்தேகப்பட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

மண்ணில் குப்பை கலந்தால் அவருக்குத் தாங்காது. கொத்தனார்கள் பள்ளத்தில் வீசிய சிமென்ட் பை, பலகைத் துண்டு, தேங்காய் மட்டை எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே எறிவார். மட்கினால் அந்த இடம் பொக்கையாகும், கரையான் வரும் என்பார். ஒருநாள் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்தது. அதை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க விசாரித்தார். ஒவ்வொரு வீட்டிலும் காலை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மலையிலிருந்து இறங்கி வந்த என் வீட்டுக்காரரின் காலுக்கு அது பொருந்தியது. அடுத்த வாரம் அவர் பின்பக்கத் தெரு வழியாக வந்தார்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் அக்கா எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொள்வீர்கள். மழை விஷயத்தில் அவருக்கு ஒன்றுமே தெரியாது. அதை அவருடைய வலது முழங்கால் முடிவு செய்யும். ஆனி மாதக் கடைசி. மேற்கே கல்வராயன் மலை கறுத்துக்கொண்டு வந்தது. மாமனார் மணலூர்பேட்டையிலிருந்து போன் போட்டு, ஆடி பிறப்பதற்குள் வாசக்கால் வைத்தே ஆகவேண்டும், கடைசி முகூர்த்தம் நெருங்கிவிட்டது, பேஸ்மட்டம் நிரம்பிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளம் பாதிதான் ஏறியிருந்தது.

"அக்கா, மழை வரும்போல இருக்கே."

அக்கா முழங்காலைத் தடவிப் பார்த்தார். "வராது. வந்தா வலிக்கும்."

அன்று சாயங்காலம் பெய்த மழையில் எங்கள் பள்ளம் குளமாயிற்று. காலையில் தவளைகள் குடிவந்திருந்தன. அக்கா முழங்காலை ஒரு துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நான் அதைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவள்தான், சிரிக்கவில்லை. பள்ளத்தின் தெற்கு விளிம்பு ஒரு கட்டில் அகலத்துக்குச் சரிந்து உள்ளே விழுந்திருந்தது. கோலக்கோடு போடுவதற்கு முன்பு நான் கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்த இடம் அது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தார். கோலமாவுக் கிண்ணத்தை எடுத்து, மழையில் கரைந்த கோட்டை இன்னும் தள்ளிப் புதிதாகப் போட்டார்.

தண்ணீரின்மேல் மண்ணைக் கொட்ட முடியாது என்று அவர் ஒரே பிடிவாதம். வாளி வாளியாக இறைத்தார்கள். அடியில் கிடந்த சேற்றை வழித்தெடுத்து வெளியே போட்டார்கள். காய்வதற்குக் காத்திருந்தார்கள். முகூர்த்தம் மட்டும் காத்திருக்கவில்லை.

அப்போதுதான் மாமா வந்தார்.

இரண்டு ட்ராக்டர். இரண்டுக்கும் மாலை, விபூதிப் பட்டை. முதல் வண்டியின் மட்கார்டில் மாமா சட்டையில்லாமல் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் பெட்டி நிறைய மண். கறுகறுவென்று, பிசைந்த மாவுபோல. மணலூர்பேட்டையில் எங்கள் கரும்புக் கொல்லையின் மேல்மண்.

"எங்க பாட்டன் உழுத மண்ணு," என்றார் மாமா இறங்கியதும். "எம் புள்ள வூட்டுக்கு அடியில நம்ம மண்ணுதான் கெடக்கணும். கொட்டுங்கடா. சாயங்காலத்துக்குள்ள ரொம்பிடும்."

எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த ஆசை உண்டு. எந்த ஊரில் வீடு கட்டினாலும் சொந்த நிலத்து மண்ணைக் கொஞ்சமாவது கொண்டுவந்து போடுவார்கள். மாமா பாசக்காரர். கொஞ்சத்தோடு அவருக்கு நிற்கவில்லை.

டிரைவர்கள் கோலக்கோட்டைப் பார்த்ததும் ஊர்க்கதை தெரிந்தவர்கள்போல நல்ல தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அக்கா பெட்டியிலிருந்து ஒரு கை மண் எடுத்தார். மோந்து பார்த்தார். அழுத்திப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து விட்டார். தொப்பென்று விழுந்தது. உடையவில்லை. என் ரவா லட்டேதான்.

வெடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்துப் பூவரச மரத்தடிக்குக் கூட்டிப்போனார். குரல் தாழ்ந்திருந்தது.

"நல்ல மண்ணு. ஆனா இது சோறு போடுற மண்ணு, செவுரு தாங்குற மண்ணு இல்ல. மழைல உப்பும், வெயில்ல சுருங்கும். உன் தரை ஏறி எறங்கிக்கினே கெடக்கும். அந்தப் பந்து உருளுற வூடு மாரி ஆயிடும்."

"நீங்களே அவர்கிட்ட சொல்லுங்கக்கா."

"நா சொன்னா சண்ட ஆயிடும். ஒன் வூடு. நீ சொல்லு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் மாமாவிடம் சொன்ன நீளமான வாக்கியம், "சாப்பிட வாங்க மாமா." அவர் அன்பானவர்தான். ஆனால் அவர் மண்ணை வேண்டாம் என்றால் அவர் அப்பாவையே வேண்டாம் என்றதுபோல ஆகும். சொல்லாவிட்டால், கயல் விளையாடும் தரையில் விரிசல் விழும். எனக்குத் தேளின் நினைவு வந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். வெள்ளிமலையில் அவருடைய பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். யாரோ போய்ச் சொல்லி, அவர் பாறை ஏறி, மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்ம்மா," என்றார். இணைப்பு அறுந்தது. எது சரி என்று படுகிறவளாக இருந்தால் நான் ஏன் அவரைப் பாறைமேல் ஏற்றப்போகிறேன்?

டீ போட்டு எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். அவர் நிழலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, இந்த மண்ணு..."

"இந்த மண்ணுக்கு இன்னா?"

"ரொம்ப நல்லா இருக்கு மாமா."

மரத்தடியில் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். கால் வரவில்லை. ஏதாவது பேசவேண்டுமே என்று, "வெயில் காலத்துல இது எப்படி மாமா இருக்கும்?" என்று கேட்டேன். யோசித்துத்தான் கேட்டேனா, பயத்தில் வாயில் வந்ததைக் கேட்டேனா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவரிடம் அவர் நிலத்தைப் பற்றி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சித்திரையில பாக்கணும்மா. பாளம் பாளமா வெடிச்சிடும். எங்கப்பா கைத்தடி வெடிப்புல வுழுந்து, இன்னிய வரைக்கும் கெடைக்கல."

"அடேங்கப்பா," என்றார் அக்கா. எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று தெரியவில்லை. "மழ பேஞ்சா இன்னா ஆவுங்க?"

"மழ பேஞ்சா அம்மாம் வெடிப்பும் மூடிக்கும். உப்பிக்கினு வரும் பாரு, வரப்புக் கல்லையே தூக்கிடும்."

"கல்லயேவா?"

"கல்லு இன்னா கல்லு. மோட்டார் கொட்டா செவுரு கீதே, அத ரெண்டு தபா இடிச்சிக் கட்டிட்டேன். இன்னமும் சாஞ்சிக்கினுதான் கீது. கொத்தனாரு கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போய்ட்டான். அம்மாம் சக்தி இந்த மண்ணுக்கு..."

மாமா பேச்சை நிறுத்தினார்.

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. எங்கள் பேஸ்மட்டச் சுவரைப் பார்த்தார். ட்ராக்டரைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். தூளியில் கொலுசு ஒருமுறை சிணுங்கியது. அந்தத் தடவை யாரும் ஆட்டவில்லை, கயல் நிஜமாகவே விழித்திருந்தாள்.

மாமா போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"கரும்புக்கு ஏத்த மண்ணு."

"கரும்புக்கு இத அடிச்சிக்க வேற மண்ணு இல்லிங்க," என்றார் அக்கா. அவர் குரலில் அவ்வளவு மரியாதையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஒரு சட்டி அள்ளிக்கினு வாங்க பெரியவரே. ஈசானி மூலையில ஒங்க கையால போடுங்க. பெரியவங்க மண்ணு இல்லாம வூடு எப்பிடி? மிச்சத்த கொல்லப்பக்கம் கொட்டுவோம், செவுத்துக்குத் தூரமா. முருங்க வெக்கலாம்."

"முருங்கயா?" மாமாவுக்கு ரோஷம் வந்தது. "இந்த மண்ணுல முருங்க வெப்பாங்களா? கரும்பு வெப்பேன்."

வைக்கவும் செய்தார். கள்ளக்குறிச்சி டவுனுக்குள் கொல்லையில் கரும்புத் தோட்டம் உள்ள ஒரே வாத்தியார் வீடு எங்களுடையது. பொங்கலுக்கு நாங்கள் கடைக்குப் போவதில்லை.

அன்று மாமா ஊருக்குத் திரும்பவில்லை. கிராவல் வந்தது. கோட்டுக்கு வெளியே கயிற்றுக்கட்டிலைப் போட்டு மேற்பார்வைக்கு உட்கார்ந்தார். அடுத்த நாள் அக்காவின் குடைக்கம்பி அவர் கைக்குப் போய்விட்டது. ஒரு விரல்கடை கூடினால் அக்கா திட்டுவதற்கு முன் அவர் திட்டினார். அக்காவே ஓர் இடத்தில் பரவாயில்லை என்று விட்டதை, "ஏம்மா, அரையடின்னா அரையடிதான," என்று அள்ளவைத்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "இவரக் கூட்டினு வந்தது யாரு?" என்று முணுமுணுத்தார்.

சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் மண் சமமாக ஏறிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் அரையடி, மறுபக்கம் அரையடி. ஏன் ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போகக்கூடாது என்று நான் கேட்டேன். அக்கா திமிசில் சாய்ந்துகொண்டு விளக்கினார்.

"இது மாமியா பக்கம். அது மருமவ பக்கம். நடுவுல நிக்குதே செவுரு, அதான் புள்ள. ஒரு பக்கமே தள்ளிக்கினு இருந்தா இன்னா ஆவும்?"

"சாஞ்சிடும்," என்றார் மாமா கட்டிலிலிருந்து, அனுபவஸ்தராக.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் வாசக்கால் நின்றது. மஞ்சள், குங்குமம், மாவிலை எல்லாம் வைத்து, கற்பூரம் காட்டியபோது எல்லாரும் சாமியைக் கும்பிட்டார்கள். அக்கா மட்டும் குனிந்து, வாசக்கால் அடியில் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு கும்பிட்டார். போகும்போது வீட்டைச் சுற்றி மண்ணைச் சரிவாக வாரிவிட்டார். மழைத்தண்ணீர் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகவேண்டும், எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பது அவருடைய கடைசி உத்தரவு.

நாங்கள் குடிபோனோம். எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. மழை பெய்தால் வீட்டைச் சுற்றுவேன். வெயில் அடித்தால் வீட்டைச் சுற்றுவேன். சுவரில் சிலந்தி நூல் தெரிந்தாலும் அக்காவுக்குப் போன் போடுவேன். அவர் வருவார். பார்ப்பார். டீ குடிப்பார். கயலுக்கு ஒரு வாய் ஊட்டி, முதுகில் தட்டிவிட்டுப் போவார்.

ஒருநாள் கூடத்துச் சுவரில் கறுப்பாக, நீளமாக, வளைந்து வளைந்து ஒரு கோடு. எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, வேறொரு வீட்டுப் பள்ளத்திலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்தார். சுவரைப் பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுச் சுவரில் தேய்த்தார். கோடு அழிந்தது. கதவுக்குப் பின்னால் கயல் கறுப்பு கிரேயானோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஒம் பொண்ணு வுட்ட விரிசலு இது," என்றார் அக்கா.

நான் கயலின் கையிலிருந்து கிரேயானைப் பிடுங்கினேன். அவர் சேலை முனையில் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத பாரு வாத்தியாரூட்டம்மா. நா ஓசூருக்குப் போறேன், எம் பொண்ணு வூட்டோட. மூட்டு முன்ன மாரி இல்ல. மழ வர்றப்பலாம் வலிக்குது."

"இப்பவாவது சரியா வலிக்குதே அக்கா."

சிரித்தார். வெற்றிலைக் கறையோடு, வாய் கொள்ளாத சிரிப்பு. "நெஜ விரிசலு வுழுந்தா கூப்புடு. எங்க கீறனோ, பஸ் ஏறி வந்துடுறேன். சும்மானாங்காட்டியும் கூப்புடாத. அங்க எம் பேத்திக்கு நாந்தான் சோறு ஊட்டணும்."

கயல் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் தம்பி தவழ்கிறான். அவனுக்குச் சோறு ஊட்டும்போது ஒரு வாய் கொடுத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். செட்டில் ஆகவேண்டும் அல்லவா.

போன வாரம் நல்ல மழை. நின்றதும் வழக்கம்போலக் குடையோடு வீட்டைச் சுற்றிவந்தேன். கொல்லையில் கரும்பு சாய்ந்து கிடந்தது. சுவரோரத்து மண்ணின் சரிவு கலையாமல் இருந்தது, தண்ணீர் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போயிருந்தது. நாலு மூலையும் குனிந்து பார்த்தேன். உள்ளே வந்து கூடத்தின் நடுவில் கயலின் பழைய பந்தை வைத்தேன். அது நகரவில்லை. அக்காவின் போன் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்த வீட்டில் மயிரிழை அளவுக்காவது ஒரு விரிசல் விழக்கூடாதா என்று இருக்கிறது.